தத்துவம் படிக்க எங்கே தொடங்குவது? ஒரு வாயனசாலைக்காரியின் வழி

தத்துவம் படிக்கணும், முதலில் எந்தப் புத்தகம் எடுக்கட்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் புத்தகம் கொடுப்பதில்லை. லைப்ரேரியன் சொல்லக் கூடாத பதில்தான். ஆனால் கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காட்டு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், மூன்று அலமாரி மலையாளமும் ஒரு அலமாரி தமிழுமாக இருக்கும் எங்கள் வாயனசாலையில் (வாசகசாலையில்) இத்தனை காலம் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிகிறது. தடியான தத்துவ வரலாற்றைத் தூக்கிப் போகிறவர்கள் தேலீசைத் தாண்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர் என்று அந்தக் கிரேக்கர் சொன்னதைப் படித்ததும், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள்.

அதனால் நான் சொல்லும் வழி தலைகீழ். பெயர்களையும் ஆண்டுகளையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு வாதத்தைப் பிடியுங்கள். உங்கள் வீட்டில், தெருவில், பஸ்ஸில் இன்றைக்கு யாரோ சொன்ன ஒன்று போதும். அதை ஒரு நோட்டில் எழுதிப் பிரித்துப் பாருங்கள். ஞாயிறு சாயங்காலம் எங்கள் பெஞ்சில் கூடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்கினார்கள். ஃபிலாஸபியைப் பாடமாக எடுத்துவிட்டு முழிக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகள், தென்னை ஏறிக் கள் இறக்கும் (எங்கள் பக்கம் இதைச் செத்து என்போம்) ஒரு செத்துத் தொழிலாளி, லோடிங் வேலை பார்க்கும் ஓர் அண்ணன், பென்ஷன் வாங்கும் போஸ்ட்மாஸ்டர் ஒருவர். போஸ்ட்மாஸ்டர் மட்டும் நோட்டு வாங்காமல் பழைய டெலிகிராம் ஃபாரத்தின் பின்பக்கத்தில் எழுதுவார்.

வாதத்தைப் பிடிக்க

பேச்செல்லாம் வாதம் ஆகிவிடாது. "இந்த பஸ் இன்னைக்கும் லேட்டு" என்பது புலம்பல். "டயர் பஞ்சர், அதனால பஸ் லேட்டு" என்பது விளக்கம். பஸ் லேட் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, காரணம் மட்டும்தான் சொல்லப்படுகிறது. "டிரைவர் இன்னும் டீக்கடையில உட்கார்ந்திருக்கார், அதனால பஸ் இப்ப கிளம்பாது" என்பது வாதம். நமக்கு உறுதியாகத் தெரியாத ஒன்றை ஏற்கச் சொல்கிறது, அதற்கு ஓர் ஆதாரமும் வைக்கிறது. 'அதனால' இரண்டிலும் வருகிறது பாருங்கள். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பிப் பயனில்லை. எதை என்னை ஏற்கச் சொல்கிறார், எதைக் காட்டி ஏற்கச் சொல்கிறார் என்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும். முதலாவதற்கு முடிவு என்று பெயர், இரண்டாவதற்கு எடுகூற்று. இந்த இரண்டு கலைச்சொல் போதும், இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்.

எங்கள் பக்கத்தில் வாதம் பிடிக்கத் தோதான இடம் லாட்டரிக் கடை. கேரளத்தில் 1967-ல் அரசே லாட்டரிக்கென்று துறை தொடங்கியது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். அதனால் வேலந்தாவளம், கோபாலபுரம் என்று செக்போஸ்ட் இருக்கும் இடமெல்லாம் இந்தப் பக்கம் லாட்டரிக் கடை இருக்கும். அங்கே கேட்ட பேச்சு:

"ஏழுல முடியற நம்பர் அடிச்சு ரொம்ப நாளாச்சுங்க. இந்த வாரம் ஏழுதான். கண்ணை மூடிட்டு எடுங்க."

நோட்டில் இப்படி எழுதினோம்:

ஏழில் முடியும் எண் ரொம்ப நாளாக விழவில்லை.
ரொம்ப நாளாக விழாத எண் சீக்கிரம் விழுந்தே தீரும்.
ஆகவே இந்த வாரம் ஏழில் முடியும் எண் விழும்.

நடுவில் இருக்கும் வரியைக் கடைக்காரர் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. ஆனால் அது இல்லாமல் முதல் வரியிலிருந்து மூன்றாம் வரிக்குப் போக முடியாது. இப்படிச் சொல்லாமல் விட்ட எடுகூற்றை வெளியே இழுத்துப் போடுவதுதான் முதல் பயிற்சி. இழுத்துப் போட்டதும் குட்டு உடைந்துவிடுகிறது. குலுக்கல் சக்கரத்துக்குப் போன வாரம் என்ன விழுந்தது என்று ஞாபகம் இருக்காது. கடைசி இலக்கம் ஏழாக வர ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு வாய்ப்புதான், நேற்று வந்திருந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. இன்னொரு வேடிக்கை: ஏழு தொடர்ந்து விழுந்தால் அதே கடைக்காரர் "இப்ப ஏழுக்கு நேரம்ங்க" என்பார். நேர் எதிரான இரண்டு எடுகூற்று, விற்பது ஒரே டிக்கெட். ஒருவர் எந்தச் சேதி வந்தாலும் அதே முடிவுக்கு வருகிறார் என்றால், அவர் சொல்லும் ஆதாரம் அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை என்று பொருள்.

வடிவம் வேறு, உண்மை வேறு

அடுத்த படி இது. நிறையப் பேர் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

கேரளத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் மலையாளிகள்.
மாரியம்மாள் கேரளத்தில் குடியிருக்கிறார்.
ஆகவே மாரியம்மாள் மலையாளி.

ரேஷன் கார்டு வரிசையிலிருந்து காலேஜ் ஹாஸ்டல் வரை எங்களிடம் நீட்டப்படும் வாதம் இது. எங்கள் பெஞ்சில் இதைப் படித்ததும், தப்பு தப்பு என்று எல்லோரும் கத்தினார்கள். எது தப்பு? முதல் வரி பொய், அவ்வளவுதான். எங்கள் சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் முதல் இரண்டு வரியும் உண்மை என்று வைத்துக்கொண்டால் மூன்றாவது வந்தே தீர வேண்டும். வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. இப்படிப்பட்டதைச் செல்லும் வாதம் என்பார்கள். இதை மறுக்க எடுகூற்றின் மேல் கை வைக்க வேண்டும், வடிவத்தின் மேல் அல்ல.

இப்போது இதைப் பாருங்கள்:

மலையாளிகள் எல்லோரும் அரிசிச் சோறு சாப்பிடுவார்கள்.
மாரியம்மாள் அரிசிச் சோறு சாப்பிடுவார்.
ஆகவே மாரியம்மாள் மலையாளி.

இங்கே இரண்டு எடுகூற்றும் உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முடிவு வராது. இது செல்லாத வாதம். எப்படிக் கண்டுபிடிப்பது? அதே அச்சில் வேறு பொருளைப் போட்டு ஊற்றிப் பாருங்கள். பசுக்கள் எல்லாம் புல் தின்னும், ஆடு புல் தின்னும், ஆகவே ஆடு பசு. எடுகூற்றுகள் உண்மை, முடிவு அபத்தம் என்று ஒரே ஒரு உதாரணம் கிடைத்தால் போதும், அந்த வடிவமே செல்லாது. வடிவத்தை மட்டும் தனியே எடுத்து ஆராயலாம் என்பதை முறைப்படி எழுதி வைத்தவர் அரிஸ்டாட்டில், கிறிஸ்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டில். வடிவமும் செல்ல வேண்டும், எடுகூற்றுகளும் உண்மையாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த வாதத்தை நம்பி ஒரு முடிவு எடுக்கலாம்.

'ஆல்' விகுதி போட்டு வரும் வாதங்களுக்கு எங்கள் ஊரில் தண்ணீரைவிட நல்ல உதாரணம் கிடையாது. தமிழ்நாட்டு ஆழியாறு அணையிலிருந்து திறந்துவிட்டால் எங்கள் ஆறான சித்தூர்ப்புழையில் தண்ணீர் ஏறும். இதை வைத்து நான்கு விதமாகப் பேசலாம்.

திறந்துவிட்டார்கள், ஆகவே ஏறும். இது செல்லும். ஏறவில்லை, ஆகவே திறந்துவிடவில்லை. இதுவும் செல்லும். ஏறியிருக்கிறது, ஆகவே திறந்துவிட்டிருக்கிறார்கள். இது செல்லாது, ராத்திரி மழை பெய்திருக்கலாம். திறந்துவிடவில்லை, ஆகவே ஏறாது. இதுவும் அதே மழையால் செல்லாது.

மூன்றாவதை நாங்கள் தினமும் சொல்கிறோம். மூலத்தறை ரெகுலேட்டர் பக்கம் போய்விட்டு வருகிற யாராவது "தண்ணி வந்திருச்சு, திறந்துட்டானுங்க" என்பார். பல நேரம் அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்த வாதத்தால் அது உண்மை ஆகவில்லை. முடிவு சரியாக இருப்பதும் அதற்குப் போன பாதை சரியாக இருப்பதும் வேறு வேறு என்று பிடிபட்டுவிட்டால், இந்தப் பாடத்தின் கஷ்டமான பாகம் முடிந்தது.

வஞ்சியில் நடந்த வகுப்பு

தருக்கம் என்றாலே கிரேக்கம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் மணிமேகலையை எடுத்து வைப்பேன். காப்பியம் என்று பயப்பட வேண்டாம், முழுவதும் படிக்கச் சொல்லவில்லை. 27-ஆம் காதையில் மணிமேகலை சேரநாட்டு வஞ்சி நகரில், ஒரு மாதவன் (பெருந்தவசி) வேடத்தில், ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி என்று வரிசையாக வருகிறார்கள். அளவைவாதி எதைக் கொண்டு உண்மையை அறியலாம் என்று பத்து வழி சொல்கிறார். காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று தொடங்கும் பட்டியல் அது. கடைசியில் பூதவாதி. கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்பவர். உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். பிறந்தபோது பார்த்தவன் எவன்? எங்கள் லோடிங் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "அவ சும்மா பாத்திரம் ஏந்திட்டுப் போனவன்னு நெனச்சேன் அக்கா" என்றார்.

29-ஆம் காதை காஞ்சியில். அறவண அடிகள் அவளுக்கு வாதத்தின் உறுப்புகளைக் கற்றுக்கொடுக்கிறார். ஐந்து உறுப்பு:

பக்கம் (நிறுவப்போவது): இம்மலை நெருப்புடையது.
ஏது (காரணம்): புகையுடையது ஆதலால்.
திட்டாந்தம் (உதாரணம்): அடுக்களை போல.
உபநயம் (பொருத்திக் காட்டுவது): இம்மலையும் புகையுடையது.
நிகமனம் (முடிவு): ஆகவே நெருப்புடையது.

இந்தியத் தருக்கப் பள்ளியான நியாய மரபிலும் இதே ஐந்துதான். அரிஸ்டாட்டிலின் மூன்று வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே முடிவு முதலிலேயே வந்துவிடுகிறது, எதை நிறுவப் போகிறேன் என்று சபைக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறார்கள். நடுவில் எல்லோரும் கண்டிருக்கும் அடுக்களை ஒன்று வருகிறது. தனியாக உட்கார்ந்து யோசிக்க மூன்று வரி வசதி. எதிரே ஒருவரை வைத்துக்கொண்டு பேச ஐந்து வசதி. மேடைப் பேச்சுக்குத் தயார் செய்யும் பிள்ளைகளை ஐந்தில்தான் எழுதச் சொல்கிறேன்.

இந்த வாதம் நிற்பது ஓர் உறவின் மேல். எங்கே புகையோ அங்கே நெருப்பு. இதைத் திருப்பிப் போட்டு, எங்கே நெருப்போ அங்கே புகை என்றால் கெட்டது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை என்று நியாயக்காரர்கள் பிரித்துச் சொன்னார்கள். ஏதுவே சந்தேகமாக இருக்கும்போது முடிவு கட்டுவதையும் அறவண அடிகள் குற்றத்தில் சேர்க்கிறார். ஆவியா பனியா என்று ஐயம் இருக்கையிலேயே புகை என்று எடுத்துக்கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது அவர் காட்டும் உதாரணம். கொல்லங்கோட்டுப் பக்கம் நின்று நெல்லியாம்பதி மலையைப் பார்த்திருந்தால் இது உடனே புரியும். மார்கழிக் காலையில் மலைச்சரிவில் தொங்குவது மேகமா, எவனாவது சருகுக்குத் தீ வைத்தானா என்று வெயில் ஏறும்வரை சொல்ல முடியாது. அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பதும் தருக்கம்தான்.

சரி, எங்கே புகையோ அங்கே நெருப்பு என்பதையே எப்படி அறிந்தோம்? பார்த்த அடுக்களைகளை வைத்து. பார்க்காதவற்றுக்கு அது எப்படிப் பொருந்தும்? இந்தக் கேள்வியை, பூதவாதியைப் போலக் காட்சியை மட்டும் ஏற்ற சார்வாகர்கள் கேட்டார்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூமும் கேட்டார். இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் கிடையாது.

ஒரு கலயம் கள், ஐந்தாறு கிளை

தத்துவத்தின் கிளைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் பரீட்சைக்கு ஆகும், வேறெதற்கும் ஆகாது. ஒரே விஷயத்தை எடுத்து அதன்மேல் எத்தனை விதக் கேள்வி கேட்க முடியும் என்று பாருங்கள், கிளைகள் தாமாகப் பிரியும். நாங்கள் எடுப்பது கள். சித்தூர்ப் பக்கத் தென்னந்தோப்புகளிலிருந்து கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் கள் போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அதே தென்னையில் கள் இறக்க 1987 முதல் தடை.

எங்கள் செத்துத் தொழிலாளி ஒரு ஞாயிறு இந்தக் கேள்வியைப் போட்டார்: "பாளையில இருந்து சொட்டறப்ப இனிப்பா இருக்குது. சாயங்காலம் புளிச்சு ஏறுது. கலயம் ஒண்ணுதான், உள்ள இருக்கறதும் ஒண்ணுதான். எந்த நிமிஷத்துல அது கள்ளாச்சு?" இதுதான் மெய்ப்பொருளியல். எது உண்மையில் இருக்கிறது, மாறும் ஒன்று எப்படி அதே ஒன்றாக நீடிக்கிறது, காரணத்துக்குள் காரியம் ஏற்கெனவே உண்டா என்று கேட்பது. சாங்கியர்கள் உண்டு என்பார்கள், பாலுக்குள் தயிர் மறைந்து கிடக்கிறது என்று. அவர்கள் கணக்கில் இனிப்பு நீருக்குள் கள் முன்பே இருக்கிறது. நியாய வைசேடிகர்கள் இல்லை என்பார்கள், காரியம் புதிதாகப் பிறப்பது. போஸ்ட்மாஸ்டர் சாங்கியர் பக்கம் சாய்ந்தார். அப்படியானால் காலையில் அதைக் குடிக்கிற குழந்தையும் கள் குடித்ததாகுமா என்று ஒரு பிளஸ் ஒன் பெண் கேட்டதும் கொஞ்ச நேரம் டெலிகிராம் ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறைந்து கிடப்பதும் வெளிப்படுவதும் வேறு என்பது சாங்கியர்களின் விடை, அது அவருக்கு அடுத்த வாரம்தான் அகப்பட்டது. குடியை விட முடியாதவனுக்கு அதை விடும் சுதந்திரம் இருக்கிறதா என்பதும் இந்தக் கிளையில்தான் வரும்.

கள் உடம்புக்குக் கேடு என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் அறிவாய்வியல். பார்த்தாயா, ஊகித்தாயா, டாக்டர் சொன்னாரா, பாட்டி சொன்னாரா? சொன்னவர் நம்பத் தகுந்தவர் என்பதை எதைக் கொண்டு தீர்மானித்தாய்? ஒன்றை அறிவது என்றால் என்ன என்ற பெரிய கேள்விக்கு, உண்மையாக இருக்க வேண்டும், நாம் அதை நம்ப வேண்டும், நம்புவதற்குத் தக்க காரணமும் இருக்க வேண்டும் என்று பிளேட்டோ காலத்திலிருந்து ஒரு விடை புழங்குகிறது. எங்கள் சுவர்க் கடிகாரம் ஐந்து இருபதில் நின்றுபோயிருக்கிறது. ஒருவர் சரியாக ஐந்து இருபதுக்கு உள்ளே நுழைந்து, அதைப் பார்த்து மணி ஐந்து இருபது என்று நம்புகிறார். அவர் நம்புவது உண்மை, காரணமும் இருக்கிறது. அவருக்கு மணி தெரியுமா? தெரியும் என்று சொல்ல நாக்கு வராது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இப்படி ஒரு நின்ற கடிகாரத்தைச் சொல்லியிருக்கிறார். எட்மண்ட் கெட்டியர் 1963-ல் மூன்றே பக்கத்தில் எழுதிய கட்டுரை இதுபோன்ற உதாரணங்களால் அந்தப் பழைய விடையை ஆட்டம் காண வைத்தது. கடிகாரத்துக்கு பேட்டரி போடாமல் நான் வைத்திருப்பது இந்தப் பாடத்துக்காகத்தான் என்று கமிட்டியிடம் சொல்லியிருக்கிறேன்.

அறவியலில்தான் பெஞ்சு சூடு பிடிக்கும். கள்ளில் எதையாவது கலந்து, வாங்குகிறவனுக்குச் சொல்லாமல் விற்பது தப்பு. இதில் சண்டை இல்லை. ஏன் தப்பு என்பதில்தான் சண்டை. விளையும் துன்பத்தைக் கணக்குப் போடு என்பார் ஜான் ஸ்டூவர்ட் மில். துன்பம் வராவிட்டாலும் தப்புதான், ஒரு மனிதனை வெறும் கருவியாக்கிவிட்டாயே என்பார் காண்ட். இதைச் செய்கிறவன் எப்படிப்பட்ட மனிதனாக ஆகிறான் என்று பார் என்பார் அரிஸ்டாட்டில். முடிவு மூவருக்கும் ஒன்று, காரணம் வேறு. ஆனால் தனக்கு மட்டும் கேடு செய்துகொள்கிறவனைத் தடுக்கலாமா என்று வந்தால் பாதை பிரிகிறது. மற்றவருக்குத் தீங்கு வந்தால்தான் அரசு குறுக்கிடலாம் என்று மில் 1859-ல் எழுதினார். அது அரசியல் தத்துவத்துக்குள் போய்விடுகிறது. "குடிக்கறவன் பொண்டாட்டி மத்தவ இல்லையா?" என்று லோடிங் அண்ணனின் மனைவி வாசலில் நின்றபடியே கேட்டார். மில்லுக்கு எதிராக வைக்கப்படும் கேள்விகளில் இது முக்கியமானது. இனி உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கோயில் வாசலில் ஒருவர், சாமி வேண்டாம் என்றது, அதனால் குடி தப்பு என்றால், பிளேட்டோ எழுதிய உரையாடலில் சாக்ரடீஸ் யூதிப்ரோ என்பவரிடம் கேட்டதை நம் பேச்சில் கேட்டுப் பாருங்கள். சாமி சொன்னதால் தப்பா, தப்பு என்பதால் சாமி சொன்னதா? முதலாவது என்றால் சாமி நாளைக்கு மாற்றிச் சொன்னால் சரியாகிவிடும். இரண்டாவது என்றால் தப்புக்கான காரணம் சாமிக்கு வெளியே எங்கோ இருக்கிறது.

அழகியலை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். எந்தத் தோப்புக் கள் ருசி என்ற சண்டையில் சரி தவறு உண்டா என்று கேட்டால் அந்தக் கிளைக்குள் நுழைந்தாயிற்று. அதற்கு மேல் எனக்கு அதில் ஈடுபாடு இல்லை.

இந்த எல்லாக் கிளைக்கும் ஊடே போவது அளவையியல், அதாவது தருக்கம். தமிழ்நாட்டுப் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் வாதம்: "அரசாங்கமே கடை வச்சு பிராந்தி விக்குது, அப்ப கள்ளை விடணும்." பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி, ஒரே மாதிரியானவற்றை ஒரே மாதிரி நடத்த வேண்டும். இதிலிருந்து வருவது இரண்டையும் விடு, அல்லது இரண்டையும் தடை செய். இந்த இரண்டில் எது என்பதற்கு வாதத்தில் ஒன்றுமே இல்லை. எதிர்ப்பக்கத்தாருக்கும் ஒரு வழி உண்டு. இரண்டும் ஒரே மாதிரி அல்ல என்று ஒரு வித்தியாசத்தைக் காட்டலாம், ஆனால் அது விஷயத்துக்குச் சம்பந்தப்பட்ட வித்தியாசமாக இருக்க வேண்டும். நிறம் வேறு என்றால் செல்லாது.

எதிரே ஒருவர் இருக்கும்போது

நியாய மரபு பேச்சுச் சண்டையை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை தெரிய வேண்டும் என்று இருவரும் பேசுவது வாதம். எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கொள்கையும் வைக்காமல் எதிரி சொல்வதை உடைப்பது மட்டுமே வேலை என்றால் விதண்டை. கடைசியை நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் எதற்குள் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். ஜல்பத்துக்குள் இருந்துகொண்டு வாதத்தின் விதிகளை எதிர்பார்த்தால் தலைவலிதான் மிச்சம். 1924-ல் ஆலுவாயில் நாராயண குரு நடத்திய சர்வமத சம்மேளனத்தின் வாசலில், வாதிக்கவும் ஜெயிக்கவும் அல்ல, அறியவும் அறிவிக்கவும் என்று எழுதி வைத்தார்கள். எங்கள் சுவரிலும் மலையாளத்திலும் தமிழிலும் அது இருக்கிறது. இருந்தும் தேர்தல் நேரத்தில் ஞாயிறு கூட்டத்தை நிறுத்திவிடுகிறோம்.

எங்கள் பெஞ்சில் ஒரே ஒரு கட்டாயம். மறுக்கும் முன் எதிராளி சொன்னதை அவரே "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். இது ஒன்றும் புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று பிறர் கொள்கைகளை முதலில் எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டு, அப்புறம்தான் சுபக்கம் என்று தன்னுடையதை வைத்தார். திருப்பிச் சொல்லும்போதே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இவ்வளவு நேரம் வேறு எதையோ மறுத்துக்கொண்டிருந்தோம் என்று தெரியவரும்.

போலி வாதங்களின் பெயர்ப் பட்டியல் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் தெரிந்ததும் அதைக் கல்லாக எடுத்து எறியத் தொடங்கிவிடுகிறார்கள். மூன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லையில் தினமும் தேவைப்படும். சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவனைப் பிடிப்பது: "நீ பாண்டிக்காரன், உனக்கு எங்க தண்ணி விஷயம் என்ன தெரியும்?" இரண்டே வழிதான் இருப்பது போலக் காட்டுவது: "ஒண்ணு எங்க கூட நில்லு, இல்லேன்னா அவனுங்க ஆளு." முன்னால் நடந்ததாலேயே அதுதான் காரணம் என்பது: "செக்போஸ்ட்டுல கெடுபிடி வந்துச்சு, அப்புறம்தான் தேங்காய் விலை விழுந்துச்சு."

எதிராளி குடித்திருந்தால் பேசவே வேண்டாம். அவனுக்குக் காரணம் காட்டுவது நீருக்கடியில் மூழ்கியவனைத் தீவட்டி கொண்டு தேடுவது போல என்று குறள் 929 சொல்கிறது. கள்ளுக்கடை நடக்கிற ஊரில் இருப்பதால் இந்த விதி எங்களுக்கு அடிக்கடி பயன்படுகிறது.

இந்த வாரத்துக்கு

கீழே உள்ளதை நோட்டில் எழுதிப் பிரித்துப் பாருங்கள்:

"1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில், தமிழ்நாடு எல்லையோர மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆகவே மழை பொய்த்த வருஷத்திலும் அவ்வளவையும் கொடுத்தே தீர வேண்டும்."

எடுகூற்று ஒரு செய்தி, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது. முடிவோ செய்தி அல்ல, என்ன செய்ய வேண்டும் என்பது. ஒன்று இருக்கிறது என்பதிலிருந்து ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதற்கு எப்படித் தாவுகிறீர்கள் என்று ஹ்யூம் கேட்டார். இடையில் ஒரு வரி ஒளிந்திருக்கிறது, அதை எழுதுங்கள். எழுதியபின் அதற்கு விதிவிலக்கு உண்டா என்று பாருங்கள். அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கத்து விவசாயி இதற்கு வைக்கும் பதில் வாதத்தை, அவர் ஒப்புக்கொள்ளும்படி, மணிமேகலையின் ஐந்து உறுப்பில் எழுதுங்கள்.

அதை முடித்தவர்கள் வாயனசாலைக்கு வரலாம். மணிமேகலை உரையுடன் தமிழ் அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. பிளேட்டோ மலையாளத்தில்தான் இருக்கிறது, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஞாயிறு அன்று பிளஸ் ஒன் பிள்ளைகள் வாசித்துச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை லீவு.